ஜப்பானிய மொழி வகுப்பில் நம் பிள்ளைக்கு இடம் உண்டா?

(இடைநிலைப்பள்ளி மாணவர்களின் பெற்றோருக்காக நடந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)



வாரத்தில் கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதையும் விட்டுவிட்டு, சிலர் இரவு ஷிப்ட் முடித்த கையோடு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

இன்றைய தலைப்பைப் பார்த்து ஓர் அண்ணன் கேட்டார்: "சார், நம்ம பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்புக்கே வாத்தியார் இல்லை. இதில் ஜப்பான் மொழியைப் பற்றி என்ன பேச்சு?" நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இந்தப் பேச்சு. தமிழ் வகுப்புக்கு ஏன் ஆள் இல்லை, ஜப்பானிய வகுப்பு யாருக்குக் கிடைக்கிறது என்ற இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

இந்த மொழி நம் நாட்டுப் பள்ளிக்குள் வந்த கதை

1982இல் அன்றைய பிரதமர் மகாதீர் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்தார். ஜப்பானியரின் உழைப்பையும் தொழில்நுட்பத்தையும் நாம் கற்க வேண்டும் என்றார். அதே ஆண்டில் மலாயா பல்கலைக்கழகத்தில் அம்பாங் அசுஹான் ஜெப்புன் என்ற ஆயத்தப் பயிற்சி தொடங்கியது. எஸ்.பி.எம். முடித்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகள் மொழியும் கணிதமும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து, ஜப்பானியப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு செலவில் அனுப்பினார்கள்.

1984இல் ஜப்பானிய மொழி இடைநிலைப்பள்ளிகளுக்குள் வந்தது. எல்லாப் பள்ளிகளுக்கும் வரவில்லை. நாம் 'அஸ்ராமா' என்று சொல்கிறோமே, அந்த முழு விடுதிப் பள்ளிகளில் சிலவற்றுக்கு மட்டும் வந்தது. சாதாரணப் பகல்நேரப் பள்ளிகளுக்கு அது விரிந்தது 2005இல்தான். இடையில் 21 ஆண்டுகள். அந்த 21 ஆண்டுகளில் தோட்டத்திலும் தாமானிலும் வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் முழு விடுதிப் பள்ளியில் காலடி வைத்தார்கள்? இங்கே இருப்பவர்கள் உங்கள் சொந்தக்காரர்களில் எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்களுக்கு மேல் தேவைப்படாது.

சட்டம் என்ன சொல்கிறது

நான் வழக்கறிஞர். சட்டத்தைச் சொல்லாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள்.

1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில் தேசிய இடைநிலைப்பள்ளி என்றால் என்ன என்று ஒரு விளக்கம் இருக்கிறது. அதிலே மொழிகள் மூன்று படிகளாக வருகின்றன.

முதல் படி, சீனமும் தமிழும். பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அந்த மொழியைக் கற்க வசதி செய்து தர வேண்டும். 'வேண்டும்' என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது படி, பூர்வகுடி மக்களின் மொழிகள். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். அதோடு நடைமுறைக்கு ஒத்துவரவும் வேண்டும்.

மூன்றாவது படி, அரபு, ஜப்பானிய, ஜெர்மன், பிரெஞ்சு முதலிய வெளிநாட்டு மொழிகள். நடைமுறைக்கு ஒத்துவந்தால் வசதி செய்து தரலாம். இங்கே 'தரலாம்' என்றுதான் இருக்கிறது.

சட்டம் படித்தவனுக்கு 'வேண்டும்' என்ற சொல்லுக்கும் 'லாம்' என்ற சொல்லுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சட்டப்படி பார்த்தால் தமிழ் வலுவான நிலையில் இருக்கிறது, ஜப்பானிய மொழி பலவீனமான நிலையில் இருக்கிறது. நடப்பில் என்ன? 'லாம்' என்று எழுதப்பட்ட மொழிக்கு, அது இருக்கும் பள்ளிகளில், பயிற்சி பெற்ற ஆசிரியர், கால அட்டவணையில் இடம், வகுப்பறை, பாடநூல் எல்லாம் ஏற்பாடு செய்தார்கள். 'வேண்டும்' என்று எழுதப்பட்ட மொழிக்கு எத்தனையோ பள்ளிகளில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல், பஸ் போன பிறகு, சிற்றுண்டிச்சாலை மேசையில் வகுப்பு.

இதைச் சொல்வது ஜப்பானிய மொழி மேல் உள்ள பொறாமையால் அல்ல. மனமுண்டானால் மார்க்கமுண்டு என்பதற்கு அது கண்முன் இருக்கிற சாட்சி. முதலில் ஆசிரியர் கிடைக்காதபோது அரசு கையை விரிக்கவில்லை. ஜப்பான் அரசின் இளைஞர் தொண்டூழியர்களை வரவழைத்தது. பிறகு 1990களில் மலேசியர்களையே ஜப்பானுக்கு அனுப்பிப் பட்டம் படிக்க வைத்து, ஆசிரியராகத் திரும்பக் கொண்டுவந்தது. 2005 முதல் கோலாலம்பூரில் உள்ள ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கே இந்த மொழியைக் கற்றுக்கொடுத்தது. ஆசிரியர் இல்லை என்றால் ஆசிரியரை உருவாக்கலாம் என்று அரசுக்குத் தெரியும். இனி யாராவது உங்களிடம் "தமிழுக்கு ஆசிரியர் இல்லை, என்ன செய்வது" என்று சொன்னால், இந்தக் கதையை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.

இவ்வளவு செய்தும் வகுப்பறையில் ஏன் தடுமாற்றம்?

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் பள்ளியில் ஐந்து ஆண்டு படித்த மாணவன் ஜப்பானியரோடு சரளமாகப் பேசுகிறானா என்றால், பெரும்பாலும் இல்லை. காரணங்களைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. பிள்ளையை அந்த வகுப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அது உதவும்.

ஒன்று, நேரம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 40 வாரம் என்றால் 80 மணி நேரம். ஐந்து ஆண்டுக்கு 400 மணி நேரம். இது ஒரு நாள் கூட வகுப்பு தவறாமல் நடந்தால். விளையாட்டுப் போட்டி, தேர்வு வாரம், ஆசிரியர் கூட்டம் எல்லாவற்றையும் கழியுங்கள். ஜப்பானிய மொழித் திறன் தேர்வு என்று உலகம் முழுதும் நடக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. 1984இல் தொடங்கியது. 2010இல் அதை மாற்றியமைத்து என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகளாக ஆக்கினார்கள். அதற்கு முன்பிருந்த பழைய முறையில் நான்கு நிலை. எந்த நிலைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும் என்று அவர்களே ஓர் அளவு சொல்லியிருந்தார்கள். கீழிருந்து இரண்டாவது நிலைக்கு 300 மணி நேரம், மூன்றாவது நிலைக்கு 600, கடைசி நிலைக்கு 900. பல்கலைக்கழகப் படிப்புக்கோ அலுவலக வேலைக்கோ மேல் இரண்டு நிலைகளைத்தான் கேட்பார்கள். நம் 400 மணி நேரம் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

இரண்டு, எழுத்து. ஹிரகானா 46 எழுத்து, கதகானா 46 எழுத்து. இவற்றைச் சில வாரங்களில் பிடித்துவிடலாம். அதன் பிறகு வருவதுதான் கஞ்சி. நாம் குடிக்கும் கஞ்சி இல்லை, சீனத்திலிருந்து போன பட எழுத்து. அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பான் அரசு வைத்திருக்கும் பட்டியலில் 2,136 எழுத்துகள் உள்ளன. அங்கே ஆரம்பப்பள்ளி முடிப்பதற்குள் பிள்ளைகள் 1,026 எழுத்துகளைப் படித்துவிடுகிறார்கள். சீனப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு இது பாதி தெரிந்த வழி. தமிழ்ப்பள்ளியிலிருந்தும் தேசியப் பள்ளியிலிருந்தும் போகும் பிள்ளைக்கு முழுக்கப் புதுக்காடு. ஒரே வகுப்பில் இரண்டு வகைப் பிள்ளைகளையும் உட்கார வைத்து ஒரே வேகத்தில் நடத்தினால் யார் பின்தங்குவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்று, ஆசிரியர். பெரும்பாலும் ஒரு பள்ளிக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். அவர் மாற்றலாகிப் போனால் வகுப்பு நின்றுபோகிறது. அவருக்கு வேறு பாடங்களும் கொடுத்துவிடுகிறார்கள். ஜப்பானியரிடம் பேசிப் பழக அவருக்கே வாய்ப்பு குறைவு. ஜப்பானில் படித்துவிட்டு வந்து பத்து ஆண்டு ஆன ஆசிரியர், அந்த மொழியை யாரிடம் பேசித் தக்க வைத்துக்கொள்வார்?

நான்கு, பிள்ளையின் விருப்பம். பல பள்ளிகளில் எந்த மொழி என்பதைப் பிள்ளை தேர்ந்தெடுப்பதில்லை. இந்த வகுப்புக்கு ஜப்பானிய மொழி, அந்த வகுப்புக்கு பிரெஞ்சு என்று பள்ளி பிரித்துக் கொடுக்கிறது. அதோடு, தேர்வில் கனம் இல்லாத பாடம் என்று ஒரு பாடத்தை மாணவர்கள் நினைத்துவிட்டால், படிவம் நான்கு வந்ததும் முதலில் கைவிடப்படுவது அதுதான். அனிமே பார்க்கும் ஆசையில் சேர்ந்த பிள்ளை ஆறு மாதத்தில் சோர்ந்துபோகிறது.

ஐந்து, தொடர்ச்சி. பள்ளியில் படித்தது மேலே எங்கேயும் போய்ச் சேருவதில்லை. ஆயத்தப் பயிற்சிக்குத் தேர்வாகும் மாணவர்களில் பலர் அங்கே போய் முதல் எழுத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அப்படியானால் ஐந்து ஆண்டு எதற்குப் படித்தோம் என்று ஒரு மாணவன் கேட்டால் பள்ளியிடம் பதில் இல்லை.

தமிழ் தெரிந்த பிள்ளைக்குக் கையில் இருக்கும் சாவி

இனி நல்ல செய்திக்கு வருகிறேன். இந்த மொழியைக் கற்பதில் தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு வசதி இருக்கிறது. அதை நம் பள்ளிகளில் யாரும் பயன்படுத்துவதில்லை.

மலாயில் "சாயா மினும் ஆயர்" என்கிறோம். நான், குடி, தண்ணீர். ஆங்கிலத்திலும் இதே வரிசை. ஜப்பானிய மொழியில் "வத்தாஷி வா மிசு ஓ நொமிமாஸ்" என்பார்கள். நான், தண்ணீரை, குடிக்கிறேன். நம் வரிசை அப்படியே வருகிறது. 'மிசு' தண்ணீர். அதன் பின்னால் ஒட்டும் 'ஓ' நம்முடைய 'ஐ'. "கக்கோ நி" என்றால் பள்ளிக்கு. அந்த 'நி' நம்முடைய 'கு'. கேள்வி கேட்க வேண்டுமானால் வாக்கியத்தின் கடைசியில் 'கா' சேர்ப்பார்கள். நாம் 'ஆ' சேர்க்கிறோம், வந்தீர்களா, சாப்பிட்டீர்களா.

எழுந்து, குளித்து, சாப்பிட்டு, வேலைக்குப் போனேன் என்று நாம் கோத்துக்கொண்டே போவோமே, அவர்களும் அப்படித்தான் கோப்பார்கள். நேற்று வாங்கிய புத்தகம் என்று புத்தகத்துக்கு முன்னால் விவரத்தை வைப்போமே, அவர்களும் அப்படித்தான் வைப்பார்கள். இது, அது, எது என்பதற்கு கொரே, அரே, தொரே. நடுவில் சொரே என்று ஒன்று, கேட்பவர் பக்கத்தில் இருப்பதைச் சுட்ட. நம்மிடம் அது 'உது' என்று இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

உச்சரிப்பைப் பாருங்கள். 'கிதே' என்றால் வந்து. 'கித்தே' என்றால் தபால்தலை. 'கீதே' என்றால் கேட்டு. குறிலும் நெடிலும் ஒற்றும் மாறினால் பொருள் மாறிவிடும். மலாயும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இது பெரிய தலைவலி. படம், பாடம், பட்டம் என்று முதலாம் ஆண்டிலேயே படித்த பிள்ளைக்கு இது பழகிய விஷயம். அவர்களுடைய எழுத்து அட்டவணையும் ஆ, இ, உ, எ, ஒ என்று உயிர் ஐந்தில் தொடங்கி, க, ச, த, ந என்று வரிசையாகப் போகும். அந்த வரிசை முறை பௌத்தத் துறவிகள் வழியாக இந்திய எழுத்து முறையிலிருந்து போனது.

இதை வைத்துக்கொண்டு ஜப்பானியர் எல்லாம் தமிழர் என்று வாட்சப்பில் அனுப்பாதீர்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார். 2008இல் காலமானார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, அமைப்பு ஒத்துப்போகிறது. நமக்கு அது போதும்.

நம் பள்ளிகளில் இந்த மொழியை மலாய் வழியாகவோ ஆங்கிலம் வழியாகவோ விளக்குகிறார்கள். 'ஓ' என்பதையும் 'நி' என்பதையும் மலாயில் விளக்க அரை மணி நேரம் ஆகும். தமிழ்ப் பிள்ளையிடம் "இது நம்ம ஐ, அது நம்ம கு" என்றால் முடிந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை. அதைவிட முக்கியம், அந்தப் பிள்ளைக்குத் தமிழ் இலக்கணம் தெரிந்திருந்தால்தான் இந்தச் சாவி பூட்டைத் திறக்கும். தமிழை ஆறாம் ஆண்டோடு நிறுத்திவிட்ட பிள்ளைக்கு வேற்றுமை உருபு என்றாலே என்னவென்று தெரியாது.

அதனால்தான் பெற்றோர் கொண்டுவரும் ஒரு புகார் எனக்குக் கவலை தருகிறது. கால அட்டவணையில் தமிழையும் ஜப்பானிய மொழியையும் ஒரே நேரத்தில் வைத்துவிட்டு, "எது வேண்டுமோ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்று பாரத்தை நீட்டுகிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை. பெற்றோருக்கு விவரம் சொல்ல ஆள் இல்லை. "ஜப்பான் மொழி படித்தால் வேலை கிடைக்கும்" என்று யாரோ சொல்ல, அம்மா கையெழுத்துப் போடுகிறார். இரண்டு ஆண்டில் ஆசிரியர் மாற்றலாகிறார், வகுப்பு நிற்கிறது. பிள்ளைக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. எஸ்.பி.எம். தமிழும் போய்விடுகிறது. 2010இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாகக் குறைக்கப் போன நேரத்தில், தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபடும் என்று நம் இயக்கங்கள் குரல் கொடுத்துத்தான் பன்னிரண்டு வரை எடுக்க வழி பிறந்தது. அப்படிக் காப்பாற்றிய இடத்தைக் கால அட்டவணையில் ஒரு கட்டத்துக்காக விட்டுக்கொடுக்கலாமா?

சயாம் ரயிலும் 5எஸ் பலகையும்

பெரியவர்கள் சிலர் மனதில் வேறொரு கேள்வி இருக்கும். அதையும் பேசிவிடுவோம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் இந்த நாட்டை ஆண்டார்கள். நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேரைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் முடித்தார்கள். போனவர்களில் பெரும்பகுதி திரும்பவில்லை. இங்கே இருந்தவர்களுக்குப் பள்ளியில் நிப்பொங்கோ கற்பித்தார்கள். அன்று அந்த மொழி அடி உதையோடு வந்தது. "அவன் மொழியையா என் பேரன் படிக்க வேண்டும்?" என்று ஒரு தாத்தா கேட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அந்த வரலாற்றை ஜப்பானிய மொழியிலேயே படித்து, ஜப்பானியர் முகத்துக்கு நேரே அவர்கள் மொழியில் கேட்கக்கூடிய தமிழ்ப் பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர்? அந்த ரயில் பாதையில் மாண்டவர்களுக்காகப் பேசவும் அந்த மொழி நமக்குத் தேவைப்படுகிறது.

இன்னொன்று. இந்த மொழி ஏற்கெனவே நம் வீட்டுக்குள் இருக்கிறது. 1960களிலேயே ஷா ஆலமில் மட்சுஷிட்டா தொழிற்சாலை வந்துவிட்டது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய நிறுவனங்கள் நாட்டில் உள்ளன. லைனில் நிற்கும் அக்காமார்கள் 5எஸ் பலகையை நாள்தோறும் பார்க்கிறீர்கள். செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெத்சு, ஷிட்சுகே. கைசென் கூட்டத்தில் கைதட்டியிருக்கிறீர்கள். உத்தரவாக வந்த சொற்கள் நமக்குத் தெரியும். ஆனால் அந்த உத்தரவைப் போடும் அறைக்குள், மொழிபெயர்த்துச் சொல்லும் நாற்காலியில் நம் பிள்ளை உட்கார்ந்திருக்கிறதா? முப்பது ஆண்டு லைனில் நின்ற தாயின் மகள் அந்த நாற்காலிக்குப் போக வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு பேச்சும்.

பணம் பிடுங்குகிறவர்களிடம் எச்சரிக்கை

பட்டணங்களில் விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். மூன்று மாதம் மொழிப் பயிற்சி, பிறகு ஜப்பானில் வேலை, கட்டணம் இத்தனை ஆயிரம் வெள்ளி. மூன்று மாதத்தில் யாரும் மொழி கற்றுவிட முடியாது என்பதை மேலே சொன்ன கணக்கே காட்டும்.

சில விஷயங்களை மனதில் வையுங்கள். வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஆள்பல இலாகாவின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள். இலாகாவில் விசாரியுங்கள். ரசீது இல்லாமல் ஒரு வெள்ளி கூடக் கொடுக்காதீர்கள். கடப்பிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். மாணவர் விசாவில் போனால் ஜப்பானில் முழுநேர வேலை செய்ய முடியாது. தனி அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் மட்டும் செய்யலாம். "படிப்பும் வேலையும் ஒன்றாக, கடனை அங்கே சம்பாதித்து அடைக்கலாம்" என்று சொல்பவரை நம்பி வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

நேர்வழிகளும் இருக்கின்றன. ஜப்பான் அரசின் உபகாரச் சம்பளத்துக்கு ஜப்பானியத் தூதரகமே விண்ணப்பம் பெறுகிறது. இளங்கலை, தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சிக் கல்லூரி என்று பிரிவுகள் உண்டு. தகுதியுள்ள மலேசியக் குடிமக்கள் மனுச் செய்யலாம். தேர்வானவர்களுக்கு அவர்களே மொழியைக் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கே முக்கியமாக எடைபோடப்படுவது கணிதம், அறிவியல், ஆங்கிலம். ஆகவே பள்ளியில் ஜப்பானிய வகுப்பு கிடைக்காத பிள்ளைக்குக் கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தப் பிள்ளையின் கூடுதல் கணிதத்தையும் பௌதிகத்தையும் கவனியுங்கள். 2024 செப்டம்பரில் சுகுபா பல்கலைக்கழகம் கோலாலம்பூரில், மலாயா பல்கலைக்கழக வளாகத்திலேயே கிளை திறந்திருக்கிறது. மொழியை மட்டும் தொட்டுப் பார்க்க விரும்பும் பிள்ளைக்கு, ஜப்பான் அறக்கட்டளை 'இரோதோரி' என்ற பாடநூலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு கைப்பேசி போதும்.

நாம் கேட்க வேண்டியவை

அரசமைப்புச் சட்டத்தின் 12ஆவது விதி, பொதுக் கல்வி நிலையங்களில் மாணவர்களைச் சேர்ப்பதிலும் பொதுப் பணத்தில் கல்வி உதவி தருவதிலும் இனம், சமயம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது. 153ஆவது விதி மலாய்க்காரர்களுக்கும் சபா சரவாக் பூர்வகுடியினருக்கும் நியாயமான ஒதுக்கீடு செய்ய இடம் தருகிறது. இரண்டும் சட்டம்தான். ஒதுக்கீடு என்றால் ஒரு பங்கு. மீதிப் பங்கில் நமக்கு வர வேண்டியது வருகிறதா என்று கேட்பது குற்றம் ஆகாது. அதனால் நான்கு கோரிக்கைகள்.

முதலாவது, எந்தப் பள்ளியிலும் தமிழையும் வெளிநாட்டு மொழியையும் ஒரே நேரத்தில் மோதவிடக் கூடாது. பிள்ளை இரண்டையும் படிக்க வழி வேண்டும்.

இரண்டாவது, ஜப்பானிய மொழி கற்பிக்கும் பள்ளிகள் எவை, ஆயத்தப் பயிற்சிக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் தேர்வானவர்களில் இந்தியர் எத்தனை பேர் என்ற கணக்கை அமைச்சு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இந்தக் கேள்வியைக் கொடுங்கள். கேட்பது அவர் வேலை.

மூன்றாவது, தொழிலாளர் குடும்பங்கள் அதிகம் வாழும் வட்டாரங்களின் பகல்நேரப் பள்ளிகளில் இந்த வகுப்பு திறக்கப்பட வேண்டும். ஓர் ஆசிரியர் மாற்றலானால் அடுத்தவர் வந்த பிறகே அவரை விட வேண்டும்.

நான்காவது, தமிழும் ஜப்பானிய மொழியும் தெரிந்த ஆசிரியர்களை உருவாக்க வேண்டும். நம் பட்டதாரிகளில் சிலரை இதற்குப் பயிற்சிக்கு எடுக்க வேண்டும்.

அரசிடம் கேட்பது இருக்கட்டும், நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. படிவம் ஒன்று பாரத்தில் கையெழுத்துப் போடும் முன், மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மொழிக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? படிவம் ஐந்து வரை வகுப்பு நடக்குமா? இதை எடுத்தால் தமிழ் போய்விடுமா? பதிலை எழுதி வாங்குங்கள். வீட்டில் பிள்ளையிடம் தமிழில் பேசுங்கள். தமிழ் நூல் ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும்.

தமிழ் வகுப்பு இல்லாத பள்ளியில், 15 மாணவர்களின் பெற்றோர் சேர்ந்து தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். கடிதம் இரண்டு படி எடுங்கள். ஒன்றில் பள்ளியின் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டக் கல்வி இலாகாவுக்கு ஒரு நகல் அனுப்புங்கள். கையெழுத்துப் போடத் தயங்கும் பெற்றோர் இருப்பார்கள், பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயப்படுவார்கள். அவர்களிடம் சட்டத்தில் இருக்கும் அந்த 'வேண்டும்' என்ற சொல்லைச் சொல்லுங்கள். நாம் சலுகை கேட்கவில்லை.

மாதிரிக் கடிதம் வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. பள்ளியின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் எழுத இடம் விட்டிருக்கிறோம். எந்தெந்தப் பள்ளி என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே பள்ளிக்காரர்கள் இங்கேயே ஒன்றாக உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். பதினைந்து சேர்ந்துவிட்டால் நாளைக் காலையே கடிதத்தைக் கொடுத்துவிடலாம். சேராவிட்டால், இன்று வராத வீடுகளின் கதவை இந்த வாரத்தில் தட்டுவோம்.